சாய்ந்த திசை

மறுநாள் காலை ஒன்பதேகாலுக்குத்
திசைகாட்டியும் ஐம்பது மீட்டர் டேப்புமாய்க்
கொள்ளிடக் கரை இறங்கியபோது
சௌந்தரவள்ளி கேட்ட முதல் கேள்வி:
"மரத்துக்கு எவ்வளவு எழுதுவீங்க?"

நான் ரூபாய் எழுதுகிறவள் இல்லை.
எந்த மரம் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தது,
அதை மட்டும் பாகையில் குறிப்பேன் என்றேன்.
"செத்த பொணத்துக்குத் தலை எந்தப் பக்கம் இருந்தா என்ன?"

சித்திரைக் கடைசி. குத்தகை நிலம்.
இன்னும் பதினைந்து நாளில் தார் இறங்கியிருக்கும்.

காரைக்கால் ரேடார் முந்தின மாலை
ஒரு சிவப்புத் திட்டைத்தான் காட்டியது.
இவ்வளவு தூரம் வருவதற்குள்
பூமி வளைந்து கீழே போய்விடுகிறது,
கதிர் நேரே போய்
மேகத்தின் இடுப்பைத் தொட்டுத் திரும்புகிறது.
கால் எங்கே மிதித்தது என்று
அதற்குத் தெரியாது.
அந்த நான்கு நிமிடத்துக்குச் சாட்சி
இந்தப் பூவன் வாழைகள்தான்.

நேர்க்காற்று என்றால் எல்லாம் ஒரே பக்கம் விழுந்திருக்கும்.
இங்கே தெற்கு வரிசை வடகிழக்கே,
வடக்கு வரிசை தென்மேற்கே,
நடுவில் இருபத்தாறு மீட்டர் அகலத்துக்கு
யாரையோ எதிர்பார்த்து ஒதுங்கியதுபோல் ஒரு பாதை.
பாதை முடிவில், கருவேலமரத்தில்,
பம்புசெட் கொட்டகையின் தகரம்.

டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவள்
"எப்படித்தான் வருது இது?" என்றாள்.

தரையோரம் கடலிலிருந்து ஈரக்காற்று,
அதன் முதுகுமேல் மேற்கிலிருந்து கச்சான்.
எதிரெதிரே உரசிப் போகையில்
இடையில் இருக்கும் காற்று சுருண்டுகொள்ளும்,
சுருட்டிய கோரைப்பாய் மாதிரி, படுத்தபடி.
கொதிக்கும் தரையின் சூடு மேலேறி
அதன் நடுவை முட்டும்போது
பாய் நிமிர்ந்து நிற்கும்.
நின்றது மெலியும்.
மெலிய மெலிய வேகம்.

"அது மேல சுத்துது, சரி.
என் தோட்டத்துக்கு ஏன் எறங்குச்சு?"

அங்கேதான் எங்களுக்குள்ளேயே சண்டை என்றேன்.
சுழல்கிற மேகங்களில் சிலதான் கால் ஊன்றும்,
மற்றவை மழையைக் கொட்டிவிட்டுப் போய்விடும்.
ஏன் என்று கேட்டுக்
கூட்டம் போடுகிறோம், கட்டுரை எழுதுகிறோம்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
முந்தானையால் டேப்பின் சேற்றைத் துடைத்தாள்.

பதினொன்றரைக்கு அந்த மரத்தைக் கண்டேன்.
வடக்கு வரிசையில், அத்தனை மரங்களுக்கும் முறையில்லாமல்,
தனியாய் வடமேற்கு பார்த்துக் கிடந்தது.
தாய்ச் சுழலுக்குள் குட்டிச் சுழல்!
இந்த மண்ணில் இதுவரை யாரும் அளந்ததில்லை.
கை நடுங்க அம்புக்குறி போட்டேன்,
சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் இரண்டு நட்சத்திரம்,
மனசுக்குள் தலைப்புகூட வைத்துவிட்டேன்.

"அதுங்களா," என்றாள்.
"வெள்ளிக்கிழமை காதுகுத்துக்கு
ஒரு தார் வேணும்னாங்க.
நாந்தான் வெட்டிச் சாய்ச்சேன்."

குனிந்து சேற்றை வழித்தேன்.
அடியில் அரிவாள் வாய், சுத்தமாய், சாய்வாய்.

ரப்பரை எடுத்தேன்.
நட்சத்திரம் முதலில், பிறகு வட்டம்.
அம்புக்குறி மட்டும் அழிய மறுத்துத்
தாளில் ஒரு பள்ளமாய் நின்றது.

எனக்கு முன்பே வந்துபோன வி.ஏ.ஓ.
அறுநூற்றுப் பதினாலு என்று எழுதியிருந்தார்.
இதையும் சேர்த்து.

வண்டிவரைக்கும் கூடவே வந்தாள்.
கதவைப் பிடித்துக்கொண்டு,
குரலைக் கொஞ்சம் இறக்கி,
"உங்க கணக்குல அதை அடிச்சிட்டீங்கல்ல,
நல்லது.
அவரு கணக்குல இருந்துட்டுப் போகட்டும்."