படகு எண் காலியாக இருக்கக் கூடாது

பாம்பன் தெற்குவாடி. மீன்துறைக்கு வாடகைக்கு விட்ட அறை.
ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம்,
திறந்தால் விசைப்பலகையில் மணல்.
'ந' மட்டும் இரண்டு தடவை விழுகிறது.

காலையிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு வரிசைகள்.
பெயர், வயது, ஊர், ஆதார், படகு எண்.
ஒரு கமா தவறினாலும் வரிசை கரையேறாது.
சவேரியார் துணையில் ஏழு பேர்,
நூருல் பஹரில் ஐந்து.
மூன்று ஆரோக்கியங்கள் அடுத்தடுத்து வந்தார்கள்,
எண் வேறு வேறு என்பதால்
அட்டவணை முகம் சுளிக்கவில்லை.

அடுத்து சின்னப்பாலம் நம்புராணி.
விரல்களில் துணி சுற்றிக் கட்டிய தடம்,
நீர்க்கண்ணாடி அழுத்திய வளையம் நெற்றியில்.
தொழில்?
பாசி எடுக்கிறது.
படகு எண்?
"படகேது சார். இடுப்பளவு வரைக்கும் நடை,
அதுக்கப்புறம் முங்கல்."

காலியாக விட்டேன்.
காலியாக இருக்கக் கூடாது என்றது.
சுழியம் போட்டேன்.
அப்படியொரு படகு தாய் அட்டவணையில் இல்லை,
தாயில்லாமல் சேயைச் சேர்க்க இயலாது என்றது
சிவப்பு எழுத்தில்.

"பக்கத்து வீட்டு வள்ளத்து நம்பரைப் போடுவீங்களோ?
போன தடவை வந்த சார் அப்பிடித்தான் போட்டாரு.
நிவாரணம் வள்ளத்துக்காரனுக்குப் போச்சு."

எந்த மடையன் எழுதிய விதி இது
என்று கேட்கவில்லை அவள்.
எழுதியவன் நான்தான்.
வைகாசியில், தடைக்காலத்தில்,
ராமநாதபுரத்தில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து,
கடலுக்குப் போகிறவர்கள்
எதிலாவது ஏறித்தானே போவார்கள் என்று.

விதியைத் தளர்த்த ஒரே வரி போதும்.
அடித்தேன். ஒத்துக்கொண்டது.
பெயர், வயது நாற்பத்தொன்று, ஊர், ஆதார்,
படகு எண்ணுக்கு ஒன்றுமில்லை.
ஒரு வரிசை சேர்ந்தது என்றது திரை.
கமிட் அடிக்க விரல் இறங்குமுன்
கரண்ட் போனது.

பேட்டரி செத்து ஆறு மாதம்.
மின்விசிறி நின்ற அமைதியில்
வராந்தாவில் புடவை பிழியும் சத்தம்,
இருபது முப்பது பேர் இருக்கும்.
நம்புராணி நகரவில்லை.
இருட்டில் காத்திருப்பது
அவளுக்கு வேலை நேரம் மாதிரி.

வெளிச்சம் வந்தபோது
விதி தளர்ந்தபடியே இருந்தது. வரிசைகள் நூற்றுப் பன்னிரண்டு.
மறுபடி பேர் சொல்லுங்க என்றேன்.
"உள்ள போனேனே சார்,
இன்னும் மேல வரலையா?"

ந இரண்டு தடவை விழுந்தது.
ஒன்றை அழித்தேன்.