பிழை எட்டு

மாங்குளம். தயாபரி வீட்டு ரீவியில்
கோச்சியைப் பற்றி ஒரு மணிநேரப் படம்.
நாலாம் நிமிடமே நகுலேசன் எழும்பிவிட்டான்:
"ஓடுறது சீனப் பெட்டி,
சத்தம் கனடா எஞ்சின்ர. ஆரை ஏய்க்கிறாங்கள்?"

முறிகண்டி எண்டு காட்டினது புளியங்குளம்.
தயாபரி கொப்பியில் ஏழாம் பிழை.
சரியான ஹோர்ன் எப்படியென்று
நான் வாயால் ஊதிக் காட்ட
நாய் எழும்பி வெளியே போனது.

பிறகு ஒரு பங்கர். கூரைக்குத் தண்டவாளம்.
"துருப்பிடித்த இரும்பு" என்றது குரல்.

"எண்பது றாத்தல்," நகுலேசன் இருந்தபடியே சொன்னான்.
"சரிச்சுக் கிடத்தினா இடுப்பில வருசம் தெரியும்.
நாலு தேய்ஞ்சு ஒண்டு மாதிரி."

எந்தப் புத்தகத்திலும் இல்லாத தகவல்.
எத்தனை நாள் மல்லாந்து கிடந்து வாசித்தானோ,
நாங்கள் கேட்கவில்லை.

தயாபரி எட்டு என்று எழுதி
எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டாள்.
விளம்பரம் வந்தது. சவர்க்காரம்.