இருநூற்று நாற்பது மீட்டர்

இடதுகால் வடக்கே, வலதுகால் தெற்கே,
சிரியுங்கள்.
ஐந்து மொழிகளில் சொல்வேன்.
ஜப்பானிய மொழியில் 'சிரியுங்கள்' மட்டும்.
கால்களைக் குனிந்து நானே நகர்த்தி வைப்பேன்.

கீத்தோவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தால்
இந்த இடத்துக்குப் பெயரே உலகின் நடு.
நுழைவுச் சீட்டில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது,
சோளம் சுடும் எர்மீனியாவின் குடையிலும்.
கல்குவாரித் தூசி வந்து படியும் மஞ்சள் கோடு,
உச்சியில் உலக உருண்டையைச் சுமந்த கோபுரம்,
அதன் நிழலில் பதினெட்டு வருஷமாக
ரெமிஹியோ கிஷ்பே ஆகிய நான்,
படம் ஒன்றுக்கு இரண்டு டாலர்.

ஒரு ஜனவரியில் பெயின்டர் வரவில்லை.
நானே பூசினேன்.
கை நடுங்கியதில் தெற்குப் பாதிக்கு
இரண்டு விரற்கடை நிலம் குறைந்தது.
யாரும் வழக்குப் போடவில்லை.

கைபேசிகளுக்கு வானத்துக் கண் முளைத்த பிறகு
சிலர் நெற்றியைச் சுருக்கினார்கள்.
பூஜ்ஜியம், பூஜ்ஜியம், எட்டு.
"நடு இது இல்லையாமே?"
இல்லைதான்.
யார் அளந்ததோ, எந்தக் கருவியோ,
இருநூற்று நாற்பது மீட்டர் பிசகு.
அதற்குள் கோபுரம் எழும்பிவிட்டது.
"உருண்டைமேல் எங்கே கால் வைத்தாலும் நடுதானே" என்பேன்.
பாதிப் பேர் சிரிப்பார்கள்.
அந்த நொடியில் அமுக்கிவிடுவேன்.

கின்தவுதஸ் சிரிக்கவில்லை.
வில்னியஸ்காரன், ஒட்டடைக்குச்சி உயரம்.
"எங்கள் ஊருக்கு வெளியே
ஐரோப்பாவின் நடு என்று ஒரு கல் இருக்கிறது.
பக்கத்து நாட்டிலும் ஒன்று.
அதற்கடுத்ததிலும்.
எனக்குப் போதும்.
நிஜத்தில் நிறுத்தி ஒரு படம் எடு, பத்து டாலர்."

கைபேசியை அகல்விளக்குப் போல ஏந்தி
அவன் முன்னே, நான் பின்னே.
வேலி. நெடுஞ்சாலை. பஞ்சர் கடையின் பின்புறம்.
வடக்குப் பாதியிலிருந்து ஒரு நாய் குரைத்தது.
கடைசி இலக்கமும் பூஜ்ஜியமான இடத்தில்
ஒரு வீட்டுக் கொல்லை,
கொடியில் ஈரப் போர்வை.
அவன் மூச்சு விட்டால் எண் மாறியது.
அரையடி முன்னே, அரையடி பின்னே,
எறும்பைத் துரத்துகிறவன் போல
நடுவைத் துரத்தினான்.

துணி உலர்த்தியவள்
வாயிலிருந்து கிளிப்பை எடுத்தாள்.
"என்ன வேணும்?"
"உலகத்தோட நடு."
பாவம், வழி தவறியவர்கள் என்று
தெருமுனை வரை கூடவே வந்து
கோபுரத்தைக் கைகாட்டினாள்:
"நேரா போங்க. சீட்டு வாங்கணும்."

படத்தில் அவன் திரையைத்தான் பார்த்திருந்தான்,
பின்னால் போர்வையின் பெரிய பெரிய பூக்கள்.
திரும்பும் வழியில் மஞ்சள் கோட்டிலும் ஒன்று
எடுக்கச் சொன்னான், அம்மாவுக்காம்.

என் கைக்கடிகாரம்
ஏழு மணி நேரம் முந்தி ஓடும். பழுதில்லை.
முர்சியாவின் நேரம் அது.
நான் காலையில் லென்ஸைத் துடைக்கையில்
சொய்லா அங்கே கையுறையைக் கழற்றுவாள்.
ப்ரோக்கலியை அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை, நாலாவது வருஷம்.
குளிர்காலத்தில் ஆறு மணி நேரமாகக் குறையும்,
திருகித் திருப்பி வைப்பேன்.
வெயிலும் இரவும் சரிபாதியாக விழும் இந்த ஊரில்
வேறு யாரும் கடிகாரத்தைத் தொடுவதில்லை.
"இது ஊரே இல்லை, ரெமி" என்பாள்,
"ஏதோ ஊரின் பின்வாசல்."

போன வாரம் மாத்ரித்தில் பஸ் மாறினாளாம்.
சதுக்கத்துத் தரையில் ஒரு கல்,
'கிலோமீட்டர் பூஜ்ஜியம்'.
அந்த நாட்டுச் சாலைகளை அங்கிருந்துதான் எண்ணுவார்களாம்.
எங்கே போய் முடியும் என்று கேட்டேன்.
கடலில், வேறெங்கே, என்றாள்.
வரிசையில் நின்று
ஒரு படம் அனுப்பியிருக்கிறாள்.

கோணல். வெளிச்சம் பின்னாலிருந்து.
முகமே இல்லை, முழங்காலுக்குக் கீழே மட்டும்.
வேறு யாராவது எடுத்திருந்தால்
ஐந்து மொழியிலும் திட்டியிருப்பேன்.
பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
இடது செருப்பின் வார் அறுந்து
நீலக் கயிற்றால் முடிந்திருக்கிறாள்,
காய்ப்பெட்டி கட்டுகிற கயிறு.