ஏழாம் கட்டம்

ஒத்தக்கடையில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
சங்கத்துக்குப் பதினேழு உறுப்பினர்,
சந்தா கட்டியவர் ஒன்பது.
மின்விசிறி ஒன்று. அதுவும்
ஞானதுரை சார் மேசைக்கு மேலே.
ஜன்னலில் யானைமலை,
எழுந்திருக்க மனமில்லாமல்.

ஜெனீவாவின் படிவத்தில்
சம்பவம் நடந்த நாள் என்றொரு கட்டம்.
பஞ்சவர்ணம் சொன்னாள்:
"பெரியாத்துக் கால்வாயில தண்ணி தொறந்தாங்கல்ல,
அதுக்கு மறுநா."
மதகு திறந்த நாளா, அவள் வயலுக்கு
நீர் வந்து சேர்ந்த நாளா?
பொதுப்பணித் துறைக்குப் போன் போட்டேன்.
எந்த விவசாயிகள் சங்கம் என்றார் ஒருவர்.
வக்கீல்கள் சங்கம் என்றதும்
கோப்பு மேலிடத்தில் இருப்பதாகச் சொன்னார்.
கடைசியில் மடை பார்க்கும் ஒருவர்
தேதி சொன்னார், கிழமை சொன்னார்,
அன்றைக்கு எத்தனை கன அடி என்றும் சொன்னார்.
காவல் நிலையப் பொது நாட்குறிப்பில்
அந்தத் தேதிக்கு ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் அவள் வாக்குமூலம்.
"அடிச்சுப் போட்டுட்டாங்க."
அடித்தது ஒரு வினை.
போட்டது ஒரு வினை.
விட்டது இன்னொன்று.
ஆங்கிலத்தில் எனக்கு அகப்பட்டது
முதலாவது மட்டும்தான்.
மூட்டையைப் போலப் போட்டதையும்
போட்டதை அப்படியே விட்டுவிட்டு
எதிர்க்கடையில் நாலு டீ சொன்னதையும்
எந்த அடிக்குறிப்பில் வைப்பது?
டீ ஆற்றியவர் எல்லாம் பார்த்தார்.
கையெழுத்து மட்டும் போடமாட்டார்.
அவருக்கும் கடை வேண்டும்.

ஏழாம் கட்டம்:
உள்நாட்டுத் தீர்வுகள் அனைத்தும் தீர்ந்தனவா?
தீர்வும் தீர்தலும்
ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது
படிவம் எழுதியவருக்குத் தெரிந்திருக்காது.
அவள் கைக்காசு தீர்ந்தது.
காதில் கிடந்தது அடகுக்கடைக்குப் போய்த் தீர்ந்தது.
மறுபரிசோதனை மனு
எண்ணாகி, பட்டியலில் ஏறி, இறங்கி,
மறுபடி ஏறி,
அதற்குள் உடலே தீர்ந்துவிட்டது.

ஷம்சுதீன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.
"தீரலைன்னு போட்டா திருப்பி அனுப்புவாங்க மேடம்.
தீர்ந்துச்சுன்னு போட்டா
நாளைக்கு கோர்ட்டுல நமக்கு என்ன வேலை?"
ஞானதுரை சார் மின்விசிறியைப் பார்த்தார்.
தீர்ந்துகொண்டிருக்கின்றன என்று போடச் சொன்னேன்.
அந்தக் காலத்துக்கு
அங்கே பெட்டி கிடையாது.
இருந்தாலும் போட்டோம்.

பெயரை மறைத்துக்கொள்ளலாம், அதற்கும் ஒரு கட்டம்.
முதலெழுத்து போதும், உனக்குப் பாதுகாப்பு என்றேன்.
தண்ணீர்ப் பாட்டிலை மூடிக்கொண்டே கேட்டாள்:
"அவரு பேரோடதான கூட்டிட்டுப் போனாங்க?"
படியில் நின்று திரும்பி,
"மாமனார் பேரையும் சேத்துப் போடுங்க. இல்லாட்டி
வேற ஆண்டிச்சாமின்னுருவாங்க."

வேறொரு அமைப்பு இரவல் கொடுத்த இடம்,
இரண்டு நிமிடம், காணொளியில்.
இங்கே மின்சாரம் போகாதிருக்க
ஷம்சுதீன் இன்வெர்ட்டரைத் தொட்டு நின்றான்.
ஒத்திகையில் ஒன்று ஐம்பது வந்தது.
பேசும்போது
மலையாண்டி மகன் ஆண்டிச்சாமி,
வயது முப்பத்தொன்பது, மேலூர் தாலுகா
என்பதை மெதுவாகச் சொல்லிவிட்டேன்.
பரிந்துரைகள் மூன்றில்
இரண்டாவதின் நடுவில் ஒலிவாங்கி அணைந்தது.
நன்றி என்று என் உதடு அசைந்தது
திரையில் தெரிந்தது.

மறுநாள் காலை நீதிமன்றத்தில்
நாற்பத்தி இரண்டாவது வழக்கு நான்.
முப்பத்தொன்பதில் போன் அதிர்ந்தது. வெளியே ஓடினேன்.
"பேரைச் சொன்னீங்களா?"
சொன்னேன்.
"அத்தன பேருக்கும் கேட்டுச்சா?"

தலைவர் அப்போது குனிந்து
எதையோ தேடிக்கொண்டிருந்தார்.
ஆனால் ஆறு மொழிக் காதுக்கருவிகளிலும்
என் பேச்சு ஆறாகப் பிரிந்தபோது
அந்தப் பெயர் மட்டும் பிரியாமல் போயிருக்கும்.
இதை எப்படிச் சொல்வதென்று நிற்கையில்
உள்ளே டவாலி
என் வழக்கைக் கூப்பிட்டார்.