இரண்டாவது கத்தரி

வினிபெக், கார்த்திகை கடைசிச் சனி.
தீயணைப்பு நிலையத்தின் சிவப்பு வண்டிகளை வெளியே எடுத்துவிட்டு
எங்கள் கார்களை வரிசையாய் உள்ளே விட்டிருந்தார்கள்.
இலவசம் என்றபடியால் வந்தேன்.
பத்து நிமிடத்தில் முடியும், பிறகு மீன் வாங்கலாம்
என்று சுகிர்தாவுக்குச் சொல்லியிருந்தேன்.

டான்யா என்று நெஞ்சில் பெயர் குத்திய பெண்
முதலில் இயலினியின் பனிச்சட்டையைக் கழற்றினாள்.
பிள்ளை கத்தினாள். தகரக் கூரை திருப்பிக் கத்தியது.
"இந்தச் சட்டைக்குள் இருப்பது காற்று.
மோதும்போது காற்று அமுங்கிப் போகும்,
வாருக்கும் பிள்ளைக்கும் நடுவே
அவள் நழுவிப் போகிற அளவு இடம் மிஞ்சும்."
வாரைப் பூட்டி இழுத்து
சட்டையை முன்பின்னாய் மேலே போர்த்தினாள்.
சலூனில் முடிவெட்ட உட்கார்ந்தவள் போல
விக்கிக்கொண்டே பார்த்தாள் மகள்.

"இப்போது கிள்ளுங்கள்."
யாரை?
பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது
எங்கள் மொழியில் ஒரு வகை ஆட்களின் வேலை.
இவள் கிள்ளச் சொன்னது வாரை,
காறை எலும்புக்கு மேலே.
மடிப்பு விரலில் அகப்பட்டால் தளர்வாம்.
அகப்பட்டது.
ஆனியிலிருந்து நான் ஓட்டிய தூரமெல்லாம்
இரண்டு விரலுக்கு நடுவே
ஒரு மடிப்பாய்.

வயிற்றில் கிடந்த கொக்கியை
அக்குள் மட்டத்துக்கு ஏற்றினாள்.
கதிரையின் அடியைப் பிடித்து உலுக்கினாள்.
ஆடியது, விழப்போகும் பால்பல் மாதிரி.

பிள்ளையைத் தூக்கித் தாயிடம் கொடுத்துவிட்டுக்
கதிரையைக் கழற்றிக் கவிழ்த்து ஸ்டிக்கரை வாசித்தாள்.
காலாவதிக்கு இன்னும் நான்கு வருடம்.
"விபத்தில் இருந்ததா?"
"இல்லை," என்றேன். பிறகு,
"தெரியாது."

தவநேசன் மச்சான் தந்தது.
ஒரு பால் கறைகூட இல்லாமல் துடைத்து,
காசு நீட்டினால் கோபிப்பேன் என்று.
அவனுக்கு அழைத்தேன்.
கேள்வி போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை.
"மாசியில, பெம்பினா ரோட்டில... வெறும் ஐஸ் மச்சான்.
கதவு ரெண்டு திறக்கேல்லை. அவ்வளவுதான்.
பெடியனுக்கு ஒரு கீறல்கூட இல்லை."

டான்யாவுக்குத் தமிழ் தெரியாது.
என் முகத்தைப் படித்துவிட்டுச் சொன்னாள்:
"அடியைக் கதிரை வாங்கியிருக்கிறது.
அது ஒருமுறைதான் வாங்கும்."

பிறகு கத்தரியை நீட்டினாள்.
குப்பையில் கண்டவர் எவரும் எடுத்துப் பூட்டாதபடிக்கு
வாரை நீங்களே வெட்டிவிடுங்கள்.

இந்த நாட்டில் என் கையில் தரப்பட்ட இரண்டாவது கத்தரி.
முதலாவது பிரசவ அறையில்:
அப்பா வெட்டுகிறீர்களா என்று கேட்டு நீட்டினார்கள்.
அதுவும் இப்படித்தான், நினைத்ததைவிடத் தடிப்பு,
வழுக்கி, இரண்டாம் நறுக்கில்தான் விட்டது.
அப்போது நான் அழுததை
சுகிர்தா இன்னும் விருந்தாட்களுக்குச் சொல்கிறாள்.
இதற்கு அழவில்லை.
நெசவு நார் நாராய்ப் பிரிந்தது.
கோபம் வரப் பார்த்து, யார் மேல் என்று தெரியாமல் நின்றது.
மாசியில் ஒரு பெடியனைத் தாங்கிய சாமானை
கார்த்திகையில் துண்டாக்கிக்கொண்டிருந்தேன்.

பிள்ளையைத் தாயின் மடியில் நிலையத்திலேயே விட்டு
வெறும் பின்சீட்டோடு கடைக்குப் போனேன்.
புதுக் கதிரை இருநூற்று அறுபது டொலர்,
இரண்டு இரவு வேலை.
திரும்பி வந்து நானே பூட்டினேன்,
முழங்காலை அதற்குள் அழுத்தி,
வயிற்றால் மூச்சு விட்டு.
கிள்ளினேன். விரல் வழுக்கியது.
இன்னொருமுறை கிள்ளினேன்.

மீன் வாங்கவில்லை.

வழியில் போன் அடித்தது, எடுக்கவில்லை.
வீட்டு வாசலில் பனிக்குள் நின்று கேட்டேன்:
"மச்சான், இப்பதான் யோசிச்சன்.
மூத்தவளின்ர கதிரையும்
அண்டைக்குக் காருக்குள்ளதான் இருந்தது.
இப்பவும் அதிலதான் கொண்டுபோறன்."
நடுவே டிக் டிக் என்று இண்டிகேட்டர்.
எங்கோ ஓரமாய் நிறுத்தியிருக்கிறான்.
பின்னால் ஒரு சிறுமி ஏதோ பாடுகிறாள்.
"அந்தப் பொம்பிளை
எத்தனை மணி வரைக்கும் நிப்பா?"