நான்காவது மேகசின்

கறுப்பு ரப்பர். ஒரு விரல் நுழையும் வளையம்.
மேகசினின் அடியில் மாட்ட வேண்டியது.
மூன்று கொண்ட பொட்டலம் பதினான்கு யூரோ.
படை தருவதில்லை. என் காசில் வாங்கினேன்.

"வெறும் பந்தா" என்றான் கவுப்போ.
வார நாள்களில் மரம் அறுப்பவன்.
அவன் விரல் ஒவ்வொன்றும் மண்வெட்டிக் காம்பு,
கையுறை போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான்.
என்னுடையவை பல் மருத்துவமனை விரல்கள்.
பஞ்சுருண்டை எடுக்கும், எச்சில் குழாய் பிடிக்கும்,
பயந்தவர் தோளைத் தட்டும். அவ்வளவுதான் தெரியும்.

வோரு காட்டில் சனிக்கிழமை,
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
மார்புப் பைக்குள் மேகசின் புதைந்திருக்கும்,
ஈறைக் கிழித்து வெளிவர மறுக்கும்
கடைவாய்ப் பல் மாதிரி.
பிடி கிடைக்காது.
கையுறையைக் கடித்து உருவினால்
இரும்பு தோலை நக்கிப் பிடித்துக்கொள்ளும்.

போன ஜனவரியில் எனக்கு ஏழு நொடி ஆயிற்று.
சார்ஜென்ட் உர்வே கடிகாரத்திலிருந்து கண்ணெடுக்காமல்
"லீவிகா, நீ செத்து ஐந்து நொடி ஆகிறது" என்றாள்.
அவள் ஊரில் தபால்காரி.
ஆள் மாறி வந்த கடிதத்தைத்
திருப்பிக் கொடுக்கிற குரல். கோபமே இல்லை.
பதினான்கு யூரோ அதற்குப் பிறகுதான்.

இப்போது நடுவிரலைக் கொக்கியாக்கி ஒரு இழுப்பு.
வந்துவிடுகிறது,
கழுத்துப்பட்டையைப் பிடித்ததும்
கட்டிலுக்கடியிலிருந்து நாய் வருவதுபோல,
மனமில்லாமல், ஆனால் வந்துவிடுகிறது.
மூன்று நொடி. சில சமயம் இரண்டரை.
உர்வே ஒன்றும் சொல்வதில்லை.
சொல்லாததை நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

பிப்ரவரியில் ஒரு மேகசின் காணாமல் போயிற்று.
மாலைக் கணக்கெடுப்பில் ஒன்று குறைந்தது.
கவுப்போவுடையது.
காணாமல் போனால் காகிதம், காகிதத்துக்குக் காகிதம்,
யாரும் வீட்டுக்குப் போக முடியாது.
பன்னிரண்டு பேர் வரிசையாக முழங்காலிட்டோம்,
நெற்றி விளக்கோடு, இடுப்பளவு பனியில்,
கைகளால் துழாவிக்கொண்டு.
கணக்காளர், இரண்டு ஆசிரியர்கள், ஒரு தேனீ வளர்ப்பவர்.
தூரத்திலிருந்து பார்த்தால்
எதையோ தொழுகிறவர்கள் என்று தோன்றியிருக்கும்.
இடையில் யாரோ ஒரு சாசேஜைப் பாதியாக ஒடித்துக் கொடுத்தார்கள்.
கல் மாதிரி இருந்தது. தின்றோம்.

எட்டு மணி வாக்கில் என் வெளிச்சம்
ஒரு காதைத் தொட்டது.
பனிக்கு மேலே நீட்டிய சின்னக் காது.
முயல் என்று நினைத்துப் பின்வாங்கினேன்.
அசையவில்லை.
விரலை விட்டு இழுத்தேன்.

பச்சை ரப்பர்.
என்னுடையவை கறுப்பு.

கவுப்போ வந்து கைநீட்டினான்.
கொடுத்தேன்.
"என் மனைவி..." என்று ஆரம்பித்து
அதை முடிக்காமல்
மேகசினின் பனியைச் சட்டையில் துடைத்தான்,
ரொம்ப நேரம் துடைத்தான்.
உர்வே கணக்கில் ஒரு கோடு போட்டாள்.
அன்று யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம்தான் சிரித்தோம்.

பெய்ப்சி ஏரி இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்.
குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும்,
எல்லை அதன் நடுவில் எங்கோ ஓடுகிறது.
எதிர்க்கரையிலும் யாரோ ஒருத்திக்கு
விரல் மரத்துப்போகும்.
அவளும் ஏதாவது கண்டுபிடித்திருப்பாள்,
டேப்பும் ஷூ கயிறும் வைத்துச் சுற்றிய வளையம்.
அவளுக்கு எத்தனை நொடி என்று
யோசிக்கக் கூடாது என்பதுதான் பயிற்சி.
நான் யோசிக்கிறேன்.
சின்ன ரப்பர்தான். தேய்ந்தால் தூக்கிப் போடலாம்.
அதன் வேலை, முப்பது முடிந்ததும்
அடுத்த முப்பதைச் சீக்கிரம் கொண்டுவருவது.
பொட்டலத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை.
'எளிதாகக் கையாள' என்றிருந்தது.

திங்கள் காலை ஒரு சிறுவன், ஆறு வயது,
ஊசியைக் கண்டதும் என் நடுவிரலை
முஷ்டிக்குள் இறுக்கிக்கொண்டான்.
அதே விரல். விடவே இல்லை.
ஒற்றைக் கையால் தட்டை நகர்த்தினேன்.

எனக்கு மேகசின்கள் நான்கு.
வளையம் மூன்றுதான்.
இன்னொரு பொட்டலம் வாங்கச் சொல்கிறான் கவுப்போ,
பச்சையில் தள்ளுபடி இருக்கிறதாம்.
பார்க்கலாம் என்கிறேன்.
மொட்டையான நான்காவதை
இடுப்பின் பின்பக்கப் பையில் வைத்திருக்கிறேன்,
கை எட்டாத இடத்தில்.
அது வரைக்கும் போக வேண்டி வராது.