இரவல் கல்

வெள்ளிக்கிழமை இரவல் போன தோசைக்கல்
ஞாயிறு காலை திரும்பி வந்தது,
தலையில் ஒரு தம்புன் பம்ப்ளிமாஸைச் சுமந்துகொண்டு.

வாங்கிய பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பக் கூடாதென்பது
எதிர்வீட்டுக் கூய் அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது.
கல்லைத் தேய்க்கக் கூடாதென்பதுதான்
தெரியவில்லை.

பெர்த்திலிருந்து தம்பி வந்திருக்கிறானாம்.
ஓ சியன் கேட்டானாம்.
சிப்பியும் முட்டையும் மொறுமொறுக்கக்
கனத்த இரும்பு வேண்டுமாம்.
எனக்கென்ன, கொடுத்தேன்.
நன்றிக்கடனாக
ராத்திரி முழுக்க ஊறவைத்து
கம்பிநாரில் பச்சைச் சோப்புத் தொட்டு
விளிம்பு, பிடி, முதுகு, ஒன்று விடாமல்
உரித்திருக்கிறாள் ஒன்பது வருஷத்தை.

"எவ்வளவு கறுப்பு! இப்போது பார்."
கட்டைவிரலில் பிளாஸ்டர்.

கறுப்பெல்லாம் அழுக்கில்லை.
இதை ஒருமுறை, பெண் பார்க்க வந்த அம்மாளிடம்
காப்பித் தட்டோடு நின்று சொல்லி
அந்த இடம் தட்டிப்போனது.
இன்று பிளாஸ்டரைப் பார்த்து
திரிமா காசி என்றேன்.

கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தால்
மொட்டையடித்த தலை மாதிரி வெளிறிக் கிடக்கிறது கல்.
நடுவில், அதற்குள், ஆரஞ்சுப் புள்ளிகள்.

கல்லுப்பு. பாதி உருளைக்கிழங்கு.
துரு கிழங்கில் ஏற ஏற
கிழங்கைச் சீவிச் சீவி மறுபடி தேய்த்தேன்.
அடுப்பில் வைத்துக் கடைசி ஈரமும் போனபின்
நல்லெண்ணெய். ஒரு சொட்டுப் பூசி
பூசியதே தெரியாதபடி துடைத்துவிட வேண்டும்.
துணி பாயான் லெப்பாஸிலிருந்து வந்தது,
நூல் உதிராத நீலத்துணி.
கம்பெனிக்குத் தெரியாது.

அங்கே வாரத்தில் ஐந்து ராத்திரி
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பில் நிற்கிறேன்.
ஒரு தூசு விழுந்தால் தட்டு முழுதும் குப்பை,
ஹைருல் பெயரெழுதிவிடுவான்.
அங்கேயும் வேலை இதுதான்:
மெல்லிசாய்ப் பூசு, சுடு, ஆறவிடு, மறுபடி பூசு.
அதற்கு நானூறு பக்கம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் பூச்சில் புகை.
கதவிடுக்கு வழியே வராந்தாவுக்குப் போயிருக்க வேண்டும்.
"அப்பி! அப்பி!"
ஈரத்துண்டும் வாளியுமாய் வாசலில் கூய் அக்கா,
தலையில் பாதி சாயத்தோடு.

நெருப்பில்லை அக்கா, இக்கான் ஹங்குஸ்,
மீன் கருகிவிட்டது என்று
வாய் தானாய்ப் பொய் சொன்னது.
அவள் மூக்கு மீனைத் தேடியது.
கிடைக்கவில்லை.
கண் அடுப்புக்குப் போனது.

"ஐயோ, மறுபடி கறுத்துவிட்டதே.
கொடு, தேய்த்துத் தருகிறேன்."

குறுக்கே போய் நின்றேன்.
"ஜாங்கான்" என்றேன். வேண்டாம்.
அடுத்த சொல் வரவில்லை.
என் கம்பெனி மலாயில்
உடைந்தது உண்டு, நின்றுபோனது உண்டு,
ஆள் போதவில்லை உண்டு.
கல் பழகணும் என்பதற்கு என்ன சொல்ல?
கை பழக, பேச்சுப் பழக, ஆளோடு ஆள் பழக,
எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
ஒன்பது வருஷம் எதிர்வீட்டில் இருந்திருக்கிறேன்.

நீலத்துணியை அவள் கையில் கொடுத்தேன்.
நான்காம் பூச்சு அவளுடையது.
எண்ணெய் கூடுதல்.
நான் பம்ப்ளிமாஸ் உரிக்கப் போய்விட்டேன்.

சாயந்தரம் முதல் தோசை மூன்று துண்டாய் வந்தது.
இரண்டாவது சுரண்டலாய்.
பெரிய துண்டைச் சீனியில் தொட்டுத் தின்றபடி
"தம்பி புதன்கிழமைதான் கிளம்புகிறான்" என்றாள்,
என்னைப் பார்க்காமல்
கல்லைப் பார்த்து.